இடது காது, வலது கண்

ஆமர் வீதிச் சந்தியில் என் லொத்தர்க் கூண்டுக்கு முன்னால்
இன்றைக்கும் மழை. இன்றைக்கும் அதே வழக்கு.
கஸ்பார் மொராயஸும் ஜெமில் சல்தீனும் மோதினால்
வெல்லுவது யார்?

எழுபத்தெட்டின் ஹெவிவெயிட் சாம்பியன் அவர்,
தொண்ணூற்று மூன்றின் சாம்பியன் இவர்.
அவர் கையைவிட்டுப் பட்டம் போன வருடம்
இவர் காலிமுகத் திடலில்
பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

மில்ரோய் ஓட்டோவை ஓரங்கட்டிவிட்டு இறங்குகிறான்.
"துறைமுகத்தில மாவு மூட்டை தூக்கின தோள் மச்சான் அது.
சல்தீன் இரும்பு தூக்கினதெல்லாம் கண்ணாடிக்கு முன்னால."
ஹாட்வெயார் நசூர்தீன் விடமாட்டார்.
"தோள் கிடக்கட்டும், கால் எங்க? உங்கட ஆள்
நங்கூரம் போட்ட கப்பல்."

பிறகு சட்டம் பேசுவார்கள்.
எந்தக் காலத்துக் கையுறை, எத்தனை ரவுண்ட்?
கஸ்பாரை இங்கே அழைப்பதா, சல்தீனை அங்கே அனுப்புவதா?
அழைத்தால் பல்லுக்குக் காப்பு கொடுக்கலாமா?
அனுப்பினால், வீடியோ பார்த்துப் படித்ததையெல்லாம்
மறந்துவிட்டுத்தான் போக வேண்டுமா?
நடுவர் யார் என்பதில் ஒரு பிளேன்டீ ஆறிப்போகும்.
பத்திநாதன் மட்டும் டிக்கெட் விலை கேட்பான்.

என்னை யாரும் கேட்பதில்லை.
நான் சில்லறை எண்ணுகிறேன்.

இரண்டு ஜிம்மிலும் எனக்கு ஒரே பெயர்: தலையணை.
இருநூறு இறாத்தல் உடம்பு, ஓடத் தெரியாத புத்தி,
சாம்பியன்கள் குத்திப் பழகக் கூலிக்கு வைத்திருந்தார்கள்.
பத்தொன்பது வயதில் கஸ்பாருக்கு.
முப்பத்துநாலில் சல்தீனுக்கு.
இடையில் ஒரு கல்யாணம், ஒரு ஜூலை, சவூதி,
திரும்பி வந்தது.

கஸ்பாரின் வலது கை தூரத்திலேயே தெரியும்,
நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ் மாதிரி.
பெயர்ப்பலகையை வாசிக்கலாம்.
வாசித்து முடிப்பதற்குள் மேலே ஏறியிருக்கும்.
சல்தீனின் இடது கை தெரியவே தெரியாது.
அது மின்வெட்டு.
கையில் சோற்றோடு இருட்டில் இருப்போம்.

இடது காது அவர் தந்தது. இன்னும் பெல் அடிக்கிறது.
வலது கண் இவர் தந்தது. சீட்டின் கடைசி இலக்கம்
மூன்றா எட்டா என்று
நான் சத்தியம் செய்யமாட்டேன்.

இவர்களுக்குச் சொல்லாத ஒன்று:
அந்தப் போட்டி நடந்துவிட்டது.

கொம்பனித் தெரு, ஒரு செவ்வாய்க்கிழமை,
பேரை வாவியின் நாற்றம் ஜன்னலால் வர, மூன்றாம் ரவுண்ட்.
களைத்திருந்தேன். யோசிக்கவில்லை.
என் வலது தோள் தானாகப் பின்வாங்கியது,
மூட்டைக்குக் கீழே புகுவதுபோல் இடுப்பு தாழ்ந்தது,
பதினைந்து வருடம் காதுக்குள் கிடந்த அடி
கை வழியாக வெளியே வந்தது.
நான் பழகியதல்ல அது,
வாங்கி வைத்திருந்தது.

சல்தீனின் முழங்கால் மடிந்தது.
ஒரேயொரு முறை. கயிற்றைப் பிடித்தார்.
என்னைப் பார்க்கவில்லை,
என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதைப்போல் பார்த்தார்.
பிறகு மின்வெட்டு.

விழித்தபோது என் முகத்தில்
ஐஸ் கட்டியை அழுத்திக்கொண்டிருந்தவர் அவர்தான்.
"அது யாருடைய அடி?" என்றார்.
பெல் சத்தத்தில் கேளாதவன்போல் இருந்துவிட்டேன்.

விழுந்தது நான். அது கணக்கில் வராது,
தலையணை விழுந்ததை எந்தப் பேப்பரும் போடாது.
ஆனால் அந்த ஒரு விநாடிக்குப் புள்ளி போட
அங்கே இருந்தது ஒரு வாளி, ஒரு துவாய்,
சுவரில் ஒரு பல்லி. அதுவும்
வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

மழை விடுகிறது. தீர்ப்பு நாளைக்கு என்று
மில்ரோய் ஓட்டோவை உதைத்துக் கிளப்புகிறான்.
நசூர்தீன் குடையை மடக்கிக்கொண்டு
எட்டில் முடிகிற சீட்டொன்று கேட்கிறார்.
எடுத்துக் கொடுக்கிறேன்.
எட்டாகத்தான் இருக்க வேண்டும்.