தூணுக்குப் பின்னால்

செம்பரம்பாக்கத்தில் மதகு திறந்த மறுநாள்
கோட்டூர்புரம் பாலத்தில் நிற்கிறேன்,
கையில் ஸ்டாப்வாட்ச், மழைக்கோட்டுக்குள்ளும் மழை.

தூணின் இடப்பக்கம் ஒரு சுழி
திரண்டு, தளர்ந்து, கழன்று போகிறது.
அது போன பிறகுதான் வலப்பக்கத்துக்கு முறை வரும்.
அது மாற்றிச் சுழலும்.
இடம். வலம். இடம்.
பத்து ஜோடிக்கு முப்பத்தெட்டு விநாடி.

லேபில் விரல் தடிமன் கம்பிக்குப் பின்னால்
ஊதாச் சாயம் விட்டுப் பார்த்ததுதான் இது.
இங்கே சாயத்துக்குப் பதில்
தெர்மாகோல், சாமந்தி மாலை, யாரோ ஒருவருடைய
நீல வார்ச் செருப்பு.

செருப்பு மட்டும் போகவில்லை.
தூணின் முதுகை ஒட்டி
ஆறு தன்னையே எதிர்த்துத் திரும்பும் இடத்தில்
மேற்கே பார்த்து மிதக்கிறது,
வந்த வழியே வீட்டுக்குப் போகிறாற்போல.

"எவ்ளோ நேரம் நிக்கும் மேடம்?"
எபனேசர் குடையைக் காற்றுக்குச் சாய்த்துக்கொண்டு கேட்கிறார்.
தூணின் அகலம், நீரின் வேகம், புள்ளி இரண்டு:
சுழிக்குக் கணக்கு உண்டு.
செருப்புக்கு இல்லை.

கைப்பிடிச் சுவரில் லேசாக ஒரு நடுக்கம்.
பஸ் என்று நினைத்துத் திரும்பினேன்.
பாலத்தை நேற்றிரவே மூடிவிட்டார்கள்.

உள்ளங்கையை எடுக்காமல் எண்ணினேன்.
நாலு விநாடிக்குச் சற்றுக் குறைவு.
மறுபடியும் அதே.
"எழுதிக்குங்க" என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை.

"செருப்பு போயிடுச்சு மேடம்."
"எந்தப் பக்கமா?"
"எழுதிட்டிருந்தேன். பாக்கல."