தீவிரம்: குறைவு

சுவர்களில் முட்டிக்கொள்வதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
பெல்லந்தூரில் ஏழாவது மாடி,
நாளுக்கு ஒன்பது மணி நேரம்
யாரோ கட்டிய கோட்டையைத் தோளால் இடித்துப் பார்க்கிறேன்,
எங்காவது உலகம் ஒழுகுகிறதா என்று.

ஒழுகும்.
நேற்று ஓர் ஆட்டுக்குட்டி பாறைக்குள் போய்
வால் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தது.
படம் பிடித்து, எண் போட்டு அனுப்பினேன்.
இன்று வால் இல்லை.
குட்டியும் இல்லை.

தேநீர் வேளையில் கௌஸ்துப் ஆரம்பிப்பான்:
அந்தக் காலத்து கேம்தான் கேம்.
நாலு பொத்தான், கதை கிடையாது,
நடுவில் காசு கேட்காது. நேர்மை.
அவன் பிறந்ததே இரண்டாயிரத்து மூன்றில்.
காணாத ஊருக்கு வழி சொல்பவன்போல்
அடித்துப் பேசுவான்.

நான் கண்ட ஊர் அது.
நேஷனல் மார்க்கெட்டில் அறுபது சொல்லி
நாற்பத்தைந்துக்குத் தந்த
சாம்பல் நிறச் செங்கல் பெட்டி.
நெற்றியில் எழுதியிருந்தது: 9999 கேம்ஸ்.
நானும் இளவரசுவும்
ஒரு மே மாதம் முழுக்க எண்ணினோம்.
பதின்மூன்று.
மிச்சமெல்லாம் அதே பதின்மூன்றின்
வேகம் கூட்டிய, தலைகீழாய் நிறுத்திய வேடங்கள்.
நேர்மையாம்.

இரண்டு பென்சில் செல் தின்னும் அது.
காசில்லாத ஒரு வியாழக்கிழமை
வீடு உறங்கட்டும் என்று காத்திருந்து
ரேடியோவிலிருந்து ஒன்று,
சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்று.
திரைக்குச் சொந்த வெளிச்சம் இல்லை.
ஸ்ரீராம்புரத்துத் தெருவிளக்கு
ஜன்னல் கம்பி வழியே நீட்டிய
ஒரு விரல் மஞ்சளில்
செங்கல் விழுந்துகொண்டேயிருந்தது.

கடிகாரம் ஒன்றேகாலில் நின்றது.
ஐந்து மணிக்கு எழுந்த அப்பா
முள்ளைப் பார்த்து, நடுஜாமம் என்று
திரும்பப் படுத்தார்.
தூரவாணி நகர்த் தொழிற்சாலைக் கதவு
யாருக்காகவும் நின்றதில்லை.
அரைநாள் சம்பளம்.

அடிக்கவில்லை.
செல்லைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டு,
பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.
“இதுல ஜெயிச்சா என்ன ஆவும்?”
ஜெயிக்க முடியாதுப்பா, என்றோம்.
ரொம்புற வரைக்கும் அடுக்கணும்.
“செரி, அதையாச்சும் நேரா அடுக்குங்க.”
சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

இப்போதைய ஆட்டத்துக்கு என் பெயர் தெரியும்.
இரண்டு நாள் போகாவிட்டால்
உங்கள் குதிரை ஏங்குகிறது என்று
போன் அதிர்கிறது.
செத்தால் மூன்றடி தள்ளி
எழுப்பி நிறுத்தி, தூசி தட்டிவிடுகிறது.
ஆனால் மழையில் அந்தக் குதிரையின் முதுகு
நனைகிறதே,
அதற்கு நாலு பேர் ஒரு வருடம் உழைத்தார்கள்,
ஒருத்தி ஷாஹிதா, என் சாப்பாட்டு மேசைக்காரி.
யாரும் பார்க்காதபோது
திரையில் விரல் வைத்துப் பார்த்தேன்
ஈரம் ஒட்டுகிறதா என்று.
அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று மதியம்,
கதைக்குத் தேவைப்படாத ஒரு வீடு.
கதவு திறந்திருந்தது. மேசை, கோப்பை,
கோப்பையில் ஆவி.
ஜன்னலில் பொழுது அடைந்தது, விடிந்தது,
மறுபடி அடைந்தது.
சுவர்க் கடிகாரம் மட்டும் அசையவில்லை.
அரைமணி நேரம் நின்றேன்.
அது என் வேலை நேரம்தான்.

பிழை எண் 41776.
இடம்: கோட்டைக்குத் தெற்கே, மூன்றாம் வீடு.
நடப்பது: கடிகாரம் ஓடவில்லை.
அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
நடக்க வேண்டியது: யாராவது ஒருவர்
பதறி எழுந்து, பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு
பேருந்துக்கு ஓட வேண்டும்.
தீவிரம்: குறைவு.

ஆறு மணிக்கு கௌஸ்துப் பதில் போட்டான்.
அலங்காரப் பொருள்.
முள், படத்தோடு வரைந்தது.
சரிசெய்யத் தேவையில்லை, மூடுகிறேன்.

அடியில் இன்னொரு வரி:
இந்த ஆட்டத்தில் பேருந்தே கிடையாதே?