எழுநூறு மில்லி

விடிந்ததும் முதல் வேலை, தண்ணீர் அளப்பது.
பழைய சோடாப் போத்தல்,
தோளுக்குக் கீழே நீலப் பிளாஸ்டரில் ஒரு கோடு.
அதுவரைதான் இவருக்கு இன்றைய நாள்.
குளிசை விழுங்குவதற்கு, தேத்தண்ணிக்கு,
கரண்டியில் தொட்டுத் தரும் ரசத்துக்கும்கூட
அதிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

வைகாசி. கொக்குவிலில் வெயில்
தகரப் படலையில் கைவைக்க விடாது.
பக்கத்து வளவுக் கிணற்றில்
வாளி விழும் சத்தம் கேட்டால்
இவர் கண்ணை மூடிக்கொள்வார்.

பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை.
இரண்டு மாதுளம்பழம், ஒரு யோசனை.
இரண்டும் இவருக்கு ஆகாது.

"சுடச்சுடக் குடியுங்கோ, உள்ளுக்குள்ள கழுவிக்கொண்டு போகும்"
என்றார் அருமைத்துரை.
"பிரிஜ்ஜுத் தண்ணி நரம்பை இழுக்கும்"
என்றாள் இந்திராவதி, குளிர்ந்த நெல்லிரசம்
இரண்டாம் கிளாஸ் குடித்தபடி.
கனடாவிலிருந்து திரையில் வந்த மைத்துனர்
அறைச் சூட்டில் இருக்கிற தண்ணிதான் உத்தமம் என்றார்.
எந்த அறை என்று நான் கேட்கவில்லை.
இங்கே இரவு பத்து மணிக்கும்
மேசைமேல் போத்தல்
காய்ச்சல்காரன் நெற்றிபோல இருக்கிறது.

எவ்வளவு என்று ஒருவரும் கேட்டதில்லை.

செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரி.
நாலு மணித்தியாலம்
இவரின் இரத்தம் வெளியே நடந்துபோய்த் திரும்பி வருகிறது.
இயந்திரத்தின் முகத்தில் முப்பத்தாறு என்று ஓர் எண்.
அதற்கும் தண்ணீர் வேண்டும், அதற்கும் ஒரு சூடு உண்டு.
வெளியே தார் உருகும் மதியத்தில்
குளிருது என்பார். போர்த்திவிடுவேன்.

தாதி ஜசிந்தாவிடம்தான் கேட்டேன்,
சூடோ குளிரோ, எது நல்லது?
பிளாஸ்டரைப் பல்லால் கிழித்தபடி சொன்னாள்:
"தொண்டை தாண்டினால் எல்லாம் ஒரே சூடுதான் அக்கா.
நீங்கள் கணக்கைப் பாருங்கோ."
இரண்டு கட்டில் தள்ளிப் போனவள் திரும்பி வந்தாள்.
"ஐஸ்கட்டி குடுத்துப் பாருங்கோ.
தாகம் எண்டது வாயிலயும் கிடக்கு."

அன்றிரவு ஐஸ் தட்டில் ஒரு குழியை உருகவிட்டு
ஊசிக்குழாயால் உறிஞ்சி அளந்தேன்.
பதினெட்டு மில்லி.
தண்ணீராகக் கொடுத்தால் ஒரு மிடறுக்கும் காணாது,
நாக்குக்குத் தெரியாமலே போய்விடும்.
கட்டியாகக் கொடுத்தேன்.
கொழும்பு ரெயில் ஊதிக்கொண்டு வந்து,
கடவையைத் தாண்டி,
அதன் அதிர்வு யன்னல் கம்பியில் அடங்கும் வரைக்கும்
கன்னத்தில் ஒரு சின்ன மேடு
இடமும் வலமுமாய்ப் போய்வந்துகொண்டிருந்தது.
"பல்லுக் கூசுது" என்றார்.
மூன்று நாளில் அவர் தானாகப் பேசியது
அதுதான்.

என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.
தலையிடி. கொஞ்ச நாளாய் நெற்றிப்பொட்டில்.
மூத்திரம் மஞ்சளாய்ப் போகிறது என்றதற்கு
வெளிநோயாளர் பிரிவில் அந்தச் சின்னப் பெட்டை டொக்டர்
"தண்ணி குடிக்கிறேல்லையோ?" என்றாள்.
சிரிப்பு வந்தது.

குடிக்கிறதுதான். குசினிக் கதவைச் சாத்திவிட்டு,
பைப்பை நூலாய்த் திறந்து
செம்பில் விழும் சத்தம் கேளாமல்,
இரண்டு மிடறு,
மூன்றாவதற்குத் தொண்டை ஒலி எழுப்பும் என்று
நிறுத்திவிடுவேன்.
கேத்தில் கொதித்தால் விசிலடிக்கும்,
பிரிஜ் திறந்தால் கிறீச்சிடும்.
ஆகவே எனக்கு எப்போதும்
தொட்டிச் சூட்டில் கிடக்கிற தண்ணீர்.
சத்தமில்லாததே நல்ல தண்ணீர் என்று
என்பாட்டில் ஒரு வைத்தியம்.

நேற்று, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல்:
"எனக்குக் கேக்கும்.
ஒளிச்சுக் குடிக்கிறதும் கேக்கும்."
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"வடிவாக் குடி."

பைப்பை முழுதாகத் திறந்தேன்.
செம்பு நிறைந்து கைமேல் வழிந்தது.
நின்றபடியே அண்ணாந்து, மடக்கு மடக்கென்று,
கழுத்தெல்லாம் நனைய.

சூடாக இருந்ததா, குளிர்ந்ததா,
இப்போது கேட்டால்
சொல்லத் தெரியவில்லை.