குடிக்கக் கூடாது

வூர்ட்ஸ்புர்க் குழாயில் வருவது தண்ணீர் மட்டுமல்ல.
திராட்சை மலைக்கு அடியில்
எந்தக் காலத்துக் கடலோ விட்டுப்போன சிப்பிகளும்
கரைந்து கூடவே வரும்.
கேத்தலின் வயிற்றில் வெள்ளைச் சொறி.
ஷவரின் கண்களில் பாதி குருடு.
"இந்தத் தண்ணியால துடைச்சா
பாட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரித்தான்"
என்றாள் வதனி.

ஆகவே இஸ்திரிப் பெட்டிக்கென்று விற்கும்
காய்ச்சி வடித்த நீர், ஐந்து லிட்டர்.
மருந்துக்கடையில் ஐசோப்ரொப்பனோல் கேட்டபோது
வெள்ளைக் கோட்டுப் பெண்
கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். எதற்கு?
இசைத்தட்டுக் கழுவ என்றேன்.
வேற்றுமை உருபு வழுக்கி
இசைத்தட்டு என்னைக் கழுவுவதாக ஆகியிருக்க வேண்டும்.
சிரிக்காமல் ரசீது தந்தாள்.

நான்கு பங்கு நீர், ஒரு பங்கு ஆல்கஹால்,
மகனின் காய்ச்சல் மருந்துக் கோப்பையால் அளந்தாள்.
சட்டி கழுவும் சோப்பு மூன்று துளி.
நாலாவது நுனியில் தொங்கியது,
விரலால் வழித்துத் தடுத்தாள்.
ஜன்னல் துடைக்கும் ஸ்ப்ரே போத்தலில் ஊற்றி
பிளாஸ்டர் ஒட்டி எழுதினாள்:
குடிக்கக் கூடாது.
நான்கு மாடியிலும்
அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.
நாங்களோ குடிக்கப்போவதில்லை.

பழஞ்சாமான் சந்தையில்
பெட்டியோடு பன்னிரண்டு யூரோ.
ஊதுகொம்புக் கோஷ்டிகள், நத்தார்ப் பாட்டுகள்,
உடற்பயிற்சிக்காக இருபது நிமிடம்
எண்ணிக்கொண்டே இருக்கும் ஒருவன்.
லேபல் நனையாமல் மூட
பால்மா டின் மூடி அச்சொட்டாகப் பொருந்தியது.
துடைக்க என் பழைய பனியன் துண்டு.
பாட்டு ஓடும் வழியே போக வேண்டும்,
குறுக்கே போனால் கோபிப்பாள்.
துடைத்தவை பாத்திரத் தட்டியில்
சோற்றுக் கோப்பைகளுக்கு நடுவே
நிமிர்ந்து நின்று சொட்டின.

பதினேழாவது கொஞ்சம் பாரம்.
தட்டினால் பீங்கான் சத்தம்.
துணியில் கறுப்பு வந்தது.
"எவ்வளவு ஊத்தை பார்" என்றேன்.
சந்தோஷமாக இருந்தது,
இத்தனை தட்டில் இதில்தான்
வேலை செய்தது தெரிந்தது.
இன்னும் நனைத்தேன். இன்னும் கறுப்பு.
அழுத்தித் தேய்த்தேன்.
வதனி கையைப் பிடித்தாள்.

இது வினைல் இல்லை.
அரக்கு.
தபால் கந்தோரில் பார்சல் முடிச்சில்
உருக்கி வைப்பார்களே, அது.
எங்கோ புரச மரக் கிளையில் பூச்சி கசிந்தது
கப்பலேறி வந்து
இங்கே ஒருத்திக்குத் தொண்டையாகியிருக்கிறது.
ஆல்கஹால் பட்டால் கரையும்.
ஊத்தை என்று நான் எடுத்தது
பாட்டு.

மினுக்கம் செத்து, பிறை அளவு.
வேகத்தை எழுபத்தெட்டில் வைத்துச் சுழற்றிப் பார்த்தோம்.
பிறை வரும்போதெல்லாம் இரைச்சல்,
தாண்டியதும் மறுபடி அவள்,
மாடிப்படி ஏறிக்கொண்டே
சண்டை பிடிப்பவளின் மூச்சு.
ஒரு சொல்லும் முழுதாக இல்லை.
என் ஜெர்மனுக்கு அது பழக்கமானதுதான்.

மீதிப் பாட்டு பனியன் துண்டில் இருந்தது.
வாளிக்குள் போடவா என்றேன்.
பதில் சொல்லாமல் பேனாவைத் தேடி எடுத்து
போத்தலில், குடிக்கக் கூடாதுக்குக் கீழே,
அரக்குக்கு ஆகாது
என்று எழுதினாள்.
மூடியைச் செருகப் போனவள்
மறுபடி திறந்து
அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்,
என் பெயரை.