பனி விழுந்த சாவடி

இறைச்சி கூடாது, முட்டை கூடாது,
பழம் கூடாது, விதை கூடாது.
பலகைக்குக் கீழே பதினோரு வருடம் நிற்கிறேன்.
மோப்பம் பிடிப்பது த்ரூஃபா.
வாசனை தட்டினால் குரைக்க மாட்டாள்,
பைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.
எடுத்துக் குப்பையில் போடுவது நான்.

மெந்தோசாவிலிருந்து வந்த இரவுப் பேருந்து
மலைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது.
முன்னால் லாரிகள், லாரிகளுக்கு முன்னால் பனி.
நாற்பது பேர் கொட்டகைக்குள்.
பாதை திறந்துவிட்டதா?
இல்லை.
திறந்துவிட்டதா?

நேலிதாதான் முதலில் துணியை அவிழ்த்தாள்.
பன்னிரண்டு எம்பனாதா,
ஓரமெல்லாம் கொசுவம் வைத்துச் சொருகியது போல.
மகனுக்காம், சந்தியாகோவில் இருக்கிறானாம்.
"இதையா குப்பையில் போடுவீர்கள்?"
சட்டம்.
"வயிற்றில் போட்டுக்கொண்டு வந்தால்?"
அதைச் சட்டம் கேட்பதில்லை என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.

பைகளெல்லாம் வாயைத் திறந்தன.
கொச்சபாம்பாக்காரி பசிலியா
சால்தேனியாவை நிமிர்த்திப் பிடித்து,
மேல்முனை கடித்து, சாற்றை உறிஞ்சிக் காட்டினாள்.
சட்டையில் சிந்தியவனுக்கு இரண்டாவது தரவில்லை.
யமில் எடுத்தது முக்கோணம்,
நடுவில் வாய் மூடாதது, எலுமிச்சை புளித்தது.
சிரியாவிலிருந்து கப்பலேறிய மடிப்பு என்றான்.
எந்தக் கப்பல்? அவனுக்கும் தெரியவில்லை.
கராகஸ் பையனுடையது சோளமாவு, உள்ளே கறுப்பு பீன்ஸ்.
அதில் இறைச்சி இல்லை, தாராளமாகக் கொண்டுபோகலாம்.
அவனும் பிட்டுக் கொடுத்தான்.

லாரிக்காரன் எலெயுதேரியோ, எங்கள் ஊர்க்காரன்,
உலர்திராட்சை எங்கே என்று கேட்டுத் தொலைத்தான்.
"கறிக்கு எதற்கய்யா இனிப்பு?" நேலிதா எழுந்தே விட்டாள்.
அரைமணி நேரம்.
நான் என் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து
ஒன்றை அவளிடம் நீட்டினேன்.
வெங்காயம், அரை முட்டை, திராட்சை
(அவள் கண் மூடிக்கொண்டாள்)
கடக்கென்று ஆலிவ் கொட்டை.
"சொல்லக் கூடாதா?"
கொட்டை எடுக்காமல் வைப்பதுதான் எங்கள் வழக்கம்.
"பல் போவதுமா?"
கொட்டகை குலுங்கியது.

விடியலில் பாதை திறந்தது.
வரிசை. முத்திரை. சோதனை.
துணி வெறுந்துணி, டப்பா வெறும் டப்பா.
த்ரூஃபா முதல் ஆளின் கையை முகர்ந்து உட்கார்ந்தாள்.
அடுத்த ஆளிடமும் உட்கார்ந்தாள்.
அதற்கடுத்தும்.
நேலிதா விரித்த உள்ளங்கையில்
அந்தக் கொட்டை மட்டும் இருந்தது.
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
பொருள் எந்த நாட்டுடையது.
பேனாவைத் திறந்தேன்.
நாய் எழுந்து வந்து
என் காலடியில் உட்கார்ந்தது.