முந்நூற்றுப் பத்து

கோத்கா துறைமுகம், பிப்ரவரி.
கடல் உறைந்துவிட்டது.
கப்பல் வந்த வழி மட்டும் கறுப்பாய்க் கிடக்கிறது,
தையல் பிரிந்த துணி மாதிரி.
மூன்றாம் கிட்டங்கியில் காகிதச் சுருள்கள்,
ஆளுயரம், ஒவ்வொன்றும் இரண்டரை டன்,
யாரும் இன்னும் ஓர் எழுத்தும் எழுதாதவை.

இரவுப் பணியில் பழுது பார்ப்பவள் நான் ஒருத்திதான்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் எனக்கு வைத்த பெயர்
'முடியாது.'
முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள்.
கிட்டங்கியில் எதிரொலி அதிகம்.

ஏழாம் எண் வண்டியின் முள்கரங்களைக் கழற்றி
கிளாம்ப் மாட்டியது போன இலையுதிர் காலத்தில்.
இரும்பு உள்ளங்கை இரண்டு,
சுருளை இடுப்பில் அணைத்துத் தூக்கும்.
அந்தக் கைகளே எழுநூறு கிலோ.
மாட்டிய அன்றே பழைய தகட்டைப் பிடுங்கிவிட்டுப்
புதியதை அறைந்தேன்:
நான்கு டன் தூக்கியது இனி மூன்றுதான்.
உர்போ சிரித்தான்: "எஞ்சின் அதேதானே?"
அதேதான், உர்போ.
கையை நீட்டிக்கொண்டு ஒரு வாளியைத் தூக்கிப் பார்.
வாளியும் அதேதான்.

பிடி என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம்.
அழுத்தம் கூடினால் சுருள் நசுங்கி முட்டையாகும்;
எங்கோ ஓர் அச்சகத்தில், அதிகாலையில்,
ஓடுகிற காகிதம் துடித்து அறுந்துபோகும்.
குறைந்தால் நழுவும்.
நழுவுகிற இரண்டரை டன்னுக்கு அடியில்
காகிதமென்ன, கல்லென்ன.
ரப்பர் பட்டையில் ஒரு மணற்பொடி போதும்,
நூறு அடுக்கு கிழிய.
வண்டி நின்ற பிறகு,
சாவி என் பையில் இருக்கும்போது,
மீனில் முள் தேடுகிற விரலால் தடவிப் பார்ப்பேன்.

குழாய்க் கசிவை மட்டும் விரலால் தேடுவதில்லை.
அட்டைத்துண்டு ஒன்று வைத்திருக்கிறேன்.
அழுத்தத்தில் வரும் எண்ணெய் ஊசி;
தோலிடம் கேட்டுக்கொண்டு நுழையாது.
என் இடது கட்டைவிரல்
இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை.

நேற்றிரவு பதினொன்றரை.
ஏழாம் எண்ணின் செயினில் கேஜை வைத்தேன்.
முந்நூறு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில்
முந்நூற்றுப் பத்து.
துடைத்துவிட்டு வைத்தேன்.
விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து வைத்தேன்.
எண்ணுக்கு என்மேல் இரக்கம் வரவில்லை.
சிவப்புச் சீட்டை ஸ்டியரிங்கில் கட்டினேன்.

கப்பல் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும்.
மேற்பார்வையாளர் வந்தார், புருவத்தில் பனியோடு.
"ஹில்க்கா, பத்து மில்லிமீட்டர்."
ஆமாம்.
"ஒரு நகத்தின் அகலம்."
ஆமாம்.
"நாற்பது சுருள்தான் பாக்கி."
நாற்பது முறை, என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிது.
எட்டாம் கிட்டங்கியிலிருந்து நான்காம் எண் வந்தது,
மூச்சிரைக்கிற கிழம்.
உர்போ பெல்ட்டைச் சொடுக்கி மாட்டினான்.
எதிரே சுருள் கண்ணை மறைக்க,
பின்பக்கம் பார்த்தபடி, ஹாரனை அடித்தபடி,
ஒவ்வொன்றாய், ஒவ்வொன்றாய்.
கப்பல் ஆறரைக்குப் போனது.
அந்த இரண்டரை மணி நேரம்
யாரோ ஒருவரின் கணக்கில்
என் பெயரில் ஏறியிருக்கும்.

விடிந்தும் விடியாத நேரத்தில்
செயின்களைக் கழற்றித் தரையில் நீட்டிப் போட்டேன்.
அறுந்திருக்குமா? தெரியாது.
இன்னும் ஒரு வருடம்கூடத் தாங்கியிருக்கலாம்.
பதிவேட்டில் நடந்ததற்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது.
எழுதினேன்: செயின், இரண்டும், மாற்றப்பட்டது.

உர்போ காபி கொண்டுவந்தான், இரண்டு கோப்பை.
ஒன்றும் பேசவில்லை.
செயினைக் காலால் புரட்டினான்.
பிறகு குனிந்து ஒரு கண்ணியைப் பிடித்து ஆட்டினான்,
ஆடுகிற பல்லை ஆட்டிப் பார்ப்பதுபோல்.
நிமிர்ந்து
ஏழாம் எண்ணின் மாஸ்ட் முடிகிற உயரத்தைப் பார்த்தான்.
நெடுநேரம் பார்த்தான்.

"உனக்குச் சர்க்கரை போடவில்லை" என்றான்.