காலி எடை

கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது:
ஓட்டுபவர் எண்பது கிலோவைத் தாண்டக் கூடாது.
முக்தியார் அண்ணன் ஒரு பக்கத்தை முடிக்காமல்
அடுத்ததைப் புரட்டாதவர்.
அந்தப் பக்கத்துக்கு வந்தபோது வால் பொருத்தியாகிவிட்டது,
மூன்று சக்கரமும் உருண்டன.
மேல்விஷாரத்துத் தோல் கிடங்கின் தராசில் ஏறி
முள்ளைப் பார்த்து இறங்கி
செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார்.
தொண்ணூற்றாறு.

காட்பாடி பார்சல் ஆபீசுக்கு
இரண்டு பெட்டிகளாக வந்த விமானம்.
அலுமினியக் குழாய்கள், எண் ஒட்டிய ஆணிப் பொட்டலங்கள்,
ஒரே ஓர் இருக்கை.
பழைய ஆல்ட்டோ விலைதான் என்றார்.
எந்த வருஷத்து ஆல்ட்டோ என்று அவர் மனைவி கேட்டதற்கு
இன்றுவரை பதில் இல்லை.

நான் வந்தது துணிக்காக.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறேன்,
அங்கே மெஷின் ரிப்பேருக்கு வருபவர் அவர்.
"பியூலா, இறக்கைக்கு உறை தைப்பியா?
அங்குலத்துக்கு எட்டுத் தையல். ஓவர்டைம் கூலி."
ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறுவேன்.
மூடிக்கிடக்கும் தோல்ஷாப்புக்குப் பின்னால் ஷெட்,
உப்பு நாற்றம் போகாத தரை,
அதில் விரித்தால் சுவருக்குச் சுவர் முட்டும்
வெள்ளைத் துணி.
இஸ்திரிப்பெட்டி பட்டதும் அது சுருங்கி
குழாயை இறுக்கிப் பிடிக்கும்; விரலால் சுண்டினால்
தப்பு போல அதிரும்.

நான்கு மாதம் பிரியாணியை விட்டார் அண்ணன்.
மூன்று வலீமாவில் தால்ச்சாவை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார்.
ஐந்து கிலோ குறைந்தது.
பிறகு ஒருநாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்த என்னை
ஏதோ உதிரிபாகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"நீ எத்தனை?"

நாற்பத்தேழு.
குடியாத்தத்திலிருந்து பெண்பார்க்க வந்தவர்கள்
மிக்சரைத் தின்றுகொண்டே சொன்னார்கள்,
ஊதினா பறந்துடும் போலிருக்கே பொண்ணு.
கம்பெனி நர்ஸ் இரும்பு மாத்திரை கொடுத்தாள்.
பஸ்ஸில், சர்ச்சில், டோக்கன் வரிசையில்
ஊதினா, ஊதினா.
யாரும் ஊதவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மறுநாள் நாற்பத்திரண்டாம் பக்கம்:
குறைந்தது ஐம்பத்தைந்து.
பறப்பதற்கும் நான் போதவில்லை!
அண்ணன் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.
எட்டுக் கிலோ பாலாற்று மணலைச் சலித்து
பையில் அடைத்து இரட்டைத் தையல் போட்டு
இருக்கைக்குக் கீழே கட்டினேன்.

தண்ணீர் இல்லாத ஆறென்று ஊர் பழிக்கும்;
எங்களுக்கு அது அறுநூறு மீட்டர் ஓடுதளம்.
லாரித் தடங்களை மண்வெட்டியால் நிரவினோம்,
சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரையில் குவித்தோம்.
ஒற்றை இருக்கையில் ஒரு தொல்லை,
பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர இடமில்லை.
இடம் இருந்தாலும் அவருக்கும் தெரியாது.
கையேட்டை உரக்கப் படித்தபடி மணலில் கூடவே ஓடுவார்,
இன்ஜின் போடும் சத்தத்தில்
வாய் மட்டும் அசையும்.
ஒன்பது ஞாயிறு இப்படி, தரையை விடாமல்,
ஸ்கூட்டி ஓட்டுவதுபோல்.

டில்லியிலிருந்து வரவேண்டிய தாள் வரவில்லை.
அரக்கோணத்துக் கடற்படை விமானங்கள்
எங்கள் தலைக்கு மேல் கவலையில்லாமல் போயின.
பனைமரத்துக்குக் கீழே பறப்பது பறப்பே ஆகாது,
இது முக்தியார் சட்டம்.

பத்தாம் ஞாயிறு, காலை ஐந்தே முக்கால்.
வெயில் இன்னும் மலையேறவில்லை.
சக்கரத்தின் தடதடப்பு நின்றது.
ஏதோ கழன்றுவிட்டதென்று நினைத்தேன்.
கழன்றது தரைதான்.

முப்பத்தெட்டு விநாடி என்றார் அண்ணன்,
மூச்சு வாங்க, செல்போனைக் காட்டி.
இரண்டு ஆள் உயரம் இருக்குமாம்.
முதலில் ஆயில் சூட்டைக் கேட்டார்,
பிறகு மணலைத் தட்டிக்கொண்டே, வேறெங்கோ பார்த்து,
"மேலேர்ந்து நம்ம ஷெட் தெரிஞ்சுதா?"

தெரிஞ்சுது என்றேன்.
எதிர்க்கரை, தென்னந்தோப்பு, பாலத்தில் போன பஸ்
எல்லாம் தெரிஞ்சுது என்றேன்.
அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இடது இறக்கையின் நுனியில் ஒரு தையல் வரி.
நைட் ஷிப்ட் முடிந்த வியாழக்கிழமை தைத்தது,
அங்குலத்துக்கு ஏழுதான் வரும்.
முப்பத்தெட்டு விநாடியும்
அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.